ஒரு மூட்டை சிமென்ட்டில் எத்தனை கிலோ கரியமில வாயு?

சிமென்ட் விலை பற்றிப் போன இதழில் எழுதியபோது, "விலையும் கரியும் கிளிங்கரில்தான் ஒளிந்திருக்கின்றன" என்று ஒரு வரி போட்டிருந்தேன் (கிளிங்கர் என்பது அரைத்தால் சிமென்ட்டாகும் சூளைக் கட்டி, கரி என்று நான் சொல்வது கரியமில வாயுவை). அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரையும் தொழிலையும் மட்டும் போடுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சிமென்ட் ஆலைதான். நிலக்கரி எரிப்பதால்தான் கரியமில வாயு வருகிறது என்று நினைத்திருந்தேன். நிலக்கரியை அடியோடு நிறுத்தினாலும் பாதிகூடக் குறையாது என்கிறீர்களே, எப்படி? (கல்லூரி மாணவி, அரியலூர்)

அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது அம்மா. உங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம், இன்றைக்கும் சுரங்கத்தில் நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் படிவங்கள் கிடைக்கின்றன, நீங்களே பார்த்திருப்பீர்கள். கடல்நீரில் கரைந்திருந்த கரியமில வாயுவை எடுத்துத்தான் அந்த உயிர்கள் ஓடு கட்டிக்கொண்டன. அவை செத்துப் படிந்து பல கோடி வருடம் இறுகியதுதான் சுண்ணாம்புக்கல். அதை 900 டிகிரி வரை சூடாக்கினால், பூட்டி வைத்திருந்த கரியமில வாயுவை அப்படியே விட்டுவிடும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும், 56 கிலோதான் சுண்ணாம்பாக மிஞ்சும். எந்த நெருப்பில் சுட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

சுண்ணாம்புக் காளவாயிலும் நடப்பது இதேதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காளவாய்ச் சுண்ணாம்பைக் குழைத்து வெள்ளையடித்தால், சுவரில் காயக் காய அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். சிமென்ட் ஆலையில் அதோடு விடுவதில்லை. நாலு பங்கு சுண்ணாம்புக்கல், ஒரு பங்கு களிமண், கொஞ்சம் இரும்புத் தாது எல்லாவற்றையும் மாவாக அரைத்து, நூறு மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து சூடான புகைக்கு எதிராக இறக்கி, அப்புறம் மெதுவாகச் சுழலும் இரும்புச் சூளைக்குள் விட்டு 1450 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சூட்டில் சுண்ணாம்பு, களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து, சுண்டைக்காய் அளவிலும் நெல்லிக்காய் அளவிலும் கருஞ்சாம்பல் நிற உருண்டைகளாகத் திரளும். அதுதான் கிளிங்கர். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமென்ட். கான்கிரீட்டும் காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்தான், ஆனால் பல பத்தாண்டுகளில், கொஞ்சம் கொஞ்சமாக. அது கம்பி வரைக்கும் போய்விட்டால் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் அதை நாம் விரும்பவும் முடியாது.

நவீன ஆலையில் ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து சுமார் 520 கிலோ, எரிபொருளிலிருந்து சுமார் 320 கிலோ, ஆக மொத்தம் 840 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அறுபது சதவீதத்துக்கு மேல் கல்லின் பங்கு. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரிவது நீராவியாக இருக்கலாம், தூசியாக இருக்கலாம், கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது. வாசலிலும் பயிரிலும் படியும் தூசிக்காக உங்கள் ஊர்க்காரர்கள் போராடுவது முற்றிலும் நியாயம். ஆனால் தூசியைப் பிடித்துவிட்டோம் என்று ஓர் ஆலை சொன்னால், கரியைக் குறைத்துவிட்டோம் என்று அதற்குப் பொருள் இல்லை.

கேள்வி: வீடு கட்டுகிறேன். பிபிசி சிமென்ட் வாங்கலாம் என்றால் மேஸ்திரி, "அது சாம்பல் கலப்படம் சார், 53 கிரேடு ஓபிசி வாங்குங்க" என்கிறார். எதை நம்புவது? (வங்கி ஊழியர், மதுரை)

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்த வாரப் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன் என்று சொன்னாலும் சரி.

ஓபிசி என்றால் கிளிங்கரும் ஜிப்சமும் சேர்ந்த சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் (53 என்பது அதன் பலத்தின் அளவு), பிபிசி என்றால் அதோடு சாம்பலும் சேர்த்தது. கலப்படம் என்ற சொல்லே தப்பு. பிபிசியில் அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று இந்தியத் தரநிலையே சொல்கிறது. மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் நிலக்கரி எரித்தபின் மிஞ்சுகிற, மாவைவிட மென்மையான சாம்பல் அது. கிளிங்கரும் தண்ணீரும் சேரும்போது சுண்ணாம்பு கொஞ்சம் உபரியாக மிஞ்சும், தனியாக விட்டால் அது பலவீனம்தான். சாம்பலில் உள்ள சிலிக்கா அந்த உபரிச் சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் பசையை உண்டாக்கி, கான்கிரீட்டில் உள்ள நுண்துளைகளை அடைத்துவிடும். அதனால் உப்புக் காற்றடிக்கும் கடலோரத்திலும், சல்பேட் உள்ள மண்ணிலும், கனமான அடித்தளத்திலும் பிபிசி நன்றாகவே தாங்கும்.

மேஸ்திரி சொல்வதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிபிசி மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். ஓபிசியில் ஏழு நாள் தண்ணீர் விட்டால் போதும் என்றால், கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது பத்து நாள் வேண்டும், நம் ஊர் வெயிலில் பதினாலு நாள் விடுங்கள். சென்ட்ரிங் முட்டுகளைச் சீக்கிரம் எடுக்க வேண்டும், ஆளை அடுத்த வேலைக்கு அனுப்ப வேண்டும் என்கிற அவசரத்தில்தான் பல பேர் ஓபிசி கேட்கிறார்கள். அது அவர்களுடைய கால நெருக்கடி, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது உங்கள் வீட்டின் பலம் பற்றிய கேள்வி அல்ல. மூன்று நாளில் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டால் பிபிசி நிச்சயம் உங்களைக் கைவிடும், அப்புறம் பழி சாம்பல் மேல் விழும்.

இப்போது தலைப்பில் உள்ள கணக்குக்கு வருகிறேன். ஓபிசி மூட்டையில் ஏறக்குறைய 95 சதவீதம் கிளிங்கர் என்று வைத்தால், 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 40 கிலோ கரியமில வாயு. 65 சதவீதம் கிளிங்கர் உள்ள பிபிசி மூட்டைக்குச் சுமார் 27 கிலோ. இரண்டிலும் மின்சாரத்தைச் சேர்க்கவில்லை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை போகும். மூட்டைக்கு 13 கிலோ வீதம் பார்த்தால், மூட்டையைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு முடிவிலேயே 5 டன் கரியமில வாயு மிச்சம். அதற்காக உங்கள் வீட்டு வரைபடத்தில் ஒரு கோடுகூட மாற்ற வேண்டியதில்லை, பெரும்பாலும் மூட்டைக்குச் சில ரூபாய் குறைவாகவே கிடைக்கும்.

அரசாங்கப் பாலமோ, முன்னழுத்தக் கான்கிரீட்டோ, சீக்கிரம் பலம் தேவைப்படும் வேலையோ என்றால் ஓபிசிக்கு இடமுண்டு. சாதாரண மாடி வீட்டுக்கும் பூச்சு வேலைக்கும் பிபிசியைத் தாராளமாக வாங்குங்கள். தண்ணீர் விடுவதற்கு மட்டும் ஆள் போட்டு, நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆலைகள் எல்லாம் சோலாருக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? (பள்ளி ஆசிரியர், திருப்பூர்)

தீராது, ஆனால் செய்ய வேண்டியதுதான். ஒரு டன் சிமென்ட்டுக்கு 70, 80 யூனிட் மின்சாரம் போகிறது. நம் மின்கட்டத்தில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் என்று வைத்தால் ஐம்பது கிலோ சொச்சம். பிபிசியின் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரைவை மில்லும் மின்விசிறிகளும் வெயிலில் ஓடலாம், சூளைக்கு வேண்டியது 1450 டிகிரிச் சூடு. மின்சாரத்தாலேயே அந்தச் சூட்டைக் கொடுத்தாலும் கல் தன் பங்கை விடத்தான் போகிறது.

கேள்வி: நிலக்கரி விலை ஏறியது என்று ஒவ்வொரு முறையும் மூட்டைக்கு 20, 30 ரூபாய் ஏற்றுகிறார்கள். ஒரு டன் கிளிங்கருக்கு உண்மையில் எவ்வளவு எரிபொருள்தான் பிடிக்கும்? (சிமென்ட் வியாபாரி, திண்டுக்கல்)

உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். நல்ல ஆலையில் ஒரு கிலோ கிளிங்கருக்கு 700 முதல் 780 கிலோகலோரி வெப்பம் போகும், 750 என்று வைப்போம். நம் ஆலைகள் பெரும்பாலும் எரிப்பது பெட்கோக், அதாவது எண்ணெய் சுத்திகரிப்பில் கடைசியில் மிஞ்சும் கரி. கிலோவுக்கு 8000 கிலோகலோரி தரும். ஆக ஒரு டன் கிளிங்கருக்கு 94 கிலோ பெட்கோக். அதன் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் கிளிங்கருக்கு டன்னுக்கு 94 ரூபாய் ஏறும், பிபிசி மூட்டைக்கு மூன்று ரூபாய், ஓபிசி மூட்டைக்கு நாலரை ரூபாய். அடுத்த முறை யாராவது எரிபொருளைக் காரணம் காட்டி விலை ஏற்றினால், பெட்கோக் எவ்வளவு ஏறியது என்று கேட்டு இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்கோக்கில் கந்தகம் அதிகம், அதனால்தான் 2017-ல் உச்ச நீதிமன்றம் டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் அதைத் தடை செய்தது. சில வாரங்களிலேயே சிமென்ட் ஆலைகளுக்கு விலக்குக் கிடைத்தது, ஏனென்றால் சூளைக்குள் இருக்கும் சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். கந்தகத்துக்கு அந்த வாதம் சரி. கரியமில வாயுவைப் பொறுத்தவரை அதில் எந்த ஆறுதலும் கிடையாது.

எரிபொருளை மிச்சப்படுத்துவதில் நம் நாட்டு ஆலைகள் நிஜமாகவே பெரிய தூரம் வந்துவிட்டன, அதை மனதாரச் சொல்ல வேண்டும். அறுபதுகளில் கல்லைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கிச் சூளையில் விடுவார்கள், அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நிறைய எரிபொருள் போய்விடும், கிலோவுக்கு 1300 கிலோகலோரிக்கு மேல் ஆகும். இப்போது ஏறக்குறைய எல்லாமே உலர் முறை. வேதியியல்படி குறைந்தது 420 வேண்டும். மீதியில் ஒரு பகுதி, கல்லில் உள்ள ஈரத்துக்கும் சூளை ஓட்டின் வழியாகப் போகும் சூட்டுக்கும் எப்படியும் போகும். 700-க்குக் கீழே இறங்க ஒவ்வொரு பத்துக்கும் படாத பாடு பட வேண்டும்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு, சூளை நின்றுபோவது. சூளைப் பக்கமே பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். உள்ளே பதித்த செங்கல் வெடிக்காமல் இருக்க ஒரு நாளுக்கு மேல் மெதுவாகச் சூடேற்ற வேண்டும், அத்தனை நேரமும் எரிபொருள் எரியும், ஒரு கிலோ கிளிங்கர்கூட வராது. வருடத்தில் நாலு தடவை நின்ற சூளைக்கும் பத்துத் தடவை நின்ற சூளைக்கும் விலையிலும் கரியிலும் உள்ள வித்தியாசத்தை எந்தப் புது இயந்திரம் வாங்கியும் ஈடுகட்ட முடியாது.

இன்னொரு புதுச் செலவு: 2025-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் கனிம நில வரி, சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் கல் வேண்டும், ஆக 240 ரூபாய். ஓபிசி மூட்டைக்குப் பதினோரு ரூபாய் சொச்சம், பிபிசிக்கு எட்டு ரூபாய்க்குள். அரசு வருமானத்துக்காகப் போட்ட வரிதான், ஆனாலும் விளைவில் அது கிளிங்கர் மீது போட்ட வரியாகவே வேலை செய்கிறது. அதே வருடம் செப்டம்பரில் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் நினைவில் வையுங்கள். அது எல்லா மூட்டைக்கும் பொது.

கேள்வி: பெருங்குடிக் குப்பை மேட்டிலிருந்து பிளாஸ்டிக்கைச் சிமென்ட் ஆலைக்கு எரிக்க அனுப்புகிறார்களாமே, விஷம் இல்லையா? (குடும்பத் தலைவி, சென்னை)

திறந்த வெளியில் எரித்தால் விஷம்தான். சூளைக்குள் தீச்சுடர் 2000 டிகிரியை நெருங்கும், வாயு அங்கே பல விநாடி நிற்கும், அமில வாயுக்களைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், மிஞ்சும் சாம்பலும் கிளிங்கருக்குள்ளேயே போய்விடும். குப்பையைக் கொளுத்திவிட்டுப் போவதோடு ஒப்பிடவே கூடாது. ஜெர்மனியில் சூளை வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் இப்படிக் கழிவிலிருந்தே வருகிறது.

நம் ஊரில் அந்த அளவுக்குப் போகாததற்குக் காரணம் குப்பையைப் பிரிக்காததுதான். ஈரக் குப்பை சூட்டைத் தின்றுவிடும். பிவிசி கலந்து வந்தால் குளோரின் கோபுரத்துக்குள் பிசுக்காகப் படிந்து அடைத்துக்கொள்ளும். நான் வேலை பார்த்த ஆலையில் ஒருமுறை பிரிக்காத லோடு வந்து சைக்ளோன் (கோபுரத்தில் மாவையும் புகையையும் பிரிக்கும் கூம்பு) அடைத்துக்கொண்டது, உள்ளே இருக்கும் சூடான மாவைக் குத்தி இறக்க ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் சமையலறையில் ஈரக் குப்பையைத் தனியாகப் போட்டீர்களானால் அந்தக் கோபுரத்தடியில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான் நல்லது செய்கிறீர்கள். ஆனால் ஆலை அளவுக்கு மீறி எரிக்கிறதா, புகையை அளக்கிறதா, அளந்ததை ஊருக்குக் காட்டுகிறதா என்று கேட்கும் உரிமை பக்கத்தில் வசிப்பவர்களுக்கு உண்டு, அதை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: காங்கேசன்துறைச் சிமென்ட் தொழிற்சாலையைத் திரும்பத் திறந்தால் எங்களுக்கு விலை குறையுமா? (கட்டட ஒப்பந்தக்காரர், யாழ்ப்பாணம்)

1950-ல் தொடங்கி 1990-ல் போரால் நின்றுபோன ஆலை, அதன்மேல் உங்கள் ஆட்களுக்கு இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது, எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். ஆனால் கல் எடுப்பது பற்றி நான் பயப்படுகிறேன். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, நீங்கள் குடிக்கும் கிணற்றுத் தண்ணீர் அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள்தான், உப்பு நீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. அந்தக் கல்லைத் தோண்டி எடுத்தால் தண்ணீர்த் தொட்டியையே உடைத்து எடுப்பது மாதிரி. துறைமுகத்தில் கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அங்கேயே அரைப்பது வேறு கதை. கிளிங்கர் சிமென்ட்டைப் போலச் சீக்கிரம் கெடாது, மூட்டையாக இறக்குவதைவிடக் கப்பல் செலவும் கையாளும் செலவும் குறையும். கரி மட்டும் கிளிங்கர் சுட்ட நாட்டின் கணக்கில் விழும், காற்று எல்லோருக்கும் ஒன்றுதான்.

கேள்வி: வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்குள் புதைக்க முடியாதா? (பொறியாளர், திருச்சி)

முடியும், செய்தும் காட்டிவிட்டார்கள். நார்வேயில் பிரெவிக் என்ற ஊரில் ஒரு சிமென்ட் ஆலை 2025-லிருந்து வருடத்துக்கு 4 லட்சம் டன்னைப் பிடிக்கும் அமைப்போடு ஓடுகிறது. அது அந்த ஆலை வெளியேற்றுவதில் ஏறக்குறையப் பாதி. திரவமாக்கிக் கப்பலில் கொண்டுபோய் வட கடலின் அடியில் செலுத்துகிறார்கள். செலவில் பெரும்பகுதி நார்வே அரசுடையது.

இந்த இடத்தில்தான் செலவும் கரியும் பிரிகின்றன. எரிபொருளைக் குறைத்தால், கழிவுச் சூட்டில் மின்சாரம் எடுத்தால், சாம்பல் சேர்த்தால், கரியோடு செலவும் குறையும். அதனால் எந்த ஆலையும் கட்டாயமில்லாமலே செய்யும். கல்லின் பங்கைப் பிடிக்கப் போனால் செலவு மட்டும் ஏறும். யாராவது விலை வைக்காமல் அது நடக்காது. ஐரோப்பாவில் விலை வைத்துவிட்டார்கள், டன்னுக்கு 70 யூரோ என்று கொண்டு முழுச் சுமையும் விழுந்தால் ஒரு டன் கிளிங்கர் மீது 59 யூரோ ஆகும். இந்தியாவில் 2023-ல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தில், 2025 அக்டோபரில் சிமென்ட் ஆலைகளுக்கு இலக்கு வைத்திருக்கிறார்கள். இலக்கைவிடக் குறைத்தவர் விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். இந்தத் திட்டத்தில் ஒரு டன் கரியமில வாயு ஆயிரம் ரூபாய்க்குப் போய், அந்த முழுச் சுமையும் மூட்டை மேல் விழுந்தால்கூட ஓபிசிக்கு 40 ரூபாய், பிபிசிக்கு 27 ரூபாய். வீடு கட்டுகிறவருக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: அனல்மின் நிலையங்களே மூடப்பட்டால் சாம்பலுக்கு எங்கே போவது? (ஆராய்ச்சி மாணவர், காரைக்குடி)

களிமண்ணுக்குப் போகலாம். கயோலின் என்ற வெள்ளைக் கனிமம் உள்ள சாதாரணக் களிமண்ணை 700, 800 டிகிரியில் சுட்டு, சுடாத சுண்ணாம்புக்கல் பொடியோடு சேர்த்தால் கிளிங்கரைப் பாதியாகவே குறைத்துவிடலாம்: 50 கிளிங்கர், 30 சுட்ட களிமண், 15 சுண்ணாம்புக்கல், 5 ஜிப்சம். களிமண் சுடும்போது வெளியேறுவது தண்ணீர், கரியமில வாயு அல்ல, அழகே அதில்தான். எல்சி3 என்று பெயர். சுவிட்சர்லாந்து, கியூபா ஆராய்ச்சியாளர்களோடு நம் ஐஐடிக்களும் சேர்ந்து உழைத்தது. 2023-ல் இதற்கு இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது, ஐஎஸ் 18189. பீங்கானுக்கு ஆகாது என்று ஒதுக்கிய மட்டமான களிமண்கூட இதற்குப் போதும் என்பதால் உங்கள் பகுதிக் களிமண்ணைச் சோதித்துப் பார்ப்பதே நல்ல ஆய்வுத் தலைப்பு. எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கொத்தனார். இதில் என்னால் ஆவது ஏதாவது உண்டா? (தென்காசி)

உங்களால்தான் அதிகம் ஆகும் அண்ணே. கலவை இறுகுகிறது என்று தண்ணீரை ஊற்றிவிட்டு, அப்புறம் பலத்துக்காக ஒரு சட்டி சிமென்ட்டைக் கூடப் போடுவதை நிறுத்துங்கள். கை ஆளிடமும் சொல்லிவையுங்கள். ஈரத்தரையில் மூட்டையை அடுக்காமல் பலகை போட்டுச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள், கட்டிபட்ட ஒவ்வொரு மூட்டையும் 27 கிலோவோ 40 கிலோவோ சும்மா காற்றில் விட்டதற்குச் சமம். ஒரு மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலவை போடுங்கள். தளம் போட்ட மறுநாள் காலையில் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள்.